கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்து

'சின்னக் கவுண்டர்' படம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். 1992-ல் வந்த படம். கடனை அடைக்க வழி தெரியாத கதாநாயகி ஊரைக் கூட்டி மொய் விருந்து வைப்பாள். சாப்பிட்டு எழுந்தவர்கள் அவரவர் சக்திக்கு ஏற்ப இலைக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். கதாநாயகன் சாப்பிட்ட இலையைத் தூக்கினால் அடியில் தாலி இருக்கும். தியேட்டரில் பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அது சினிமா. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்திலும், அதை ஒட்டினாற்போல் இருக்கும் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி மாதம் பிறந்துவிட்டால் இன்றைக்கும் நிஜமாகவே மொய் விருந்து நடக்கிறது. கிணறு வெட்ட, தோப்பு வைக்க, மாடு வாங்க, கடை போட என்று ஒரு குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டால் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுகிறார்கள். ஊர் வந்து சாப்பிட்டு, வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆமாம், கடன்தான். அன்பளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டிய கடன்.

என் சித்தி மகளை அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. சென்ற ஆடியில் அவர்கள் வீட்டு மொய் விருந்துக்கு அழைப்பு வந்தது. மூன்று நாள் தங்கி, ஆற அமரப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு வந்ததை நம் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

போகும் வழி

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை. அங்கிருந்து ஆலங்குடி வழியாகக் கீரமங்கலத்துக்குப் பஸ். ஆலங்குடி தாண்டினால் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி செம்மண். வடகாடு பக்கம் பலாப்பழத்துக்குப் பேர் போனது. ஆடியில் பருவம் முடிகிற சமயம் என்றாலும், சாலை ஓரத்தில் அங்கங்கே நாலைந்து பழங்களைக் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸுக்குள்ளேயே வாசனை வந்தது.

கீரமங்கலத்தில் இறங்கினால் அடுத்த வாசனை பூ. மல்லிகை, முல்லை, கனகாம்பரம் என்று சுற்று வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து விடிகாலையில் பறித்து இங்கேதான் கொண்டுவந்து எடை போடுகிறார்கள். சங்கப் புலவர் நக்கீரரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் இது. மெய்நின்றநாதர் கோயில் தடாகத்தில் 81 அடி உயரத்தில் சிவன் சிலை நிற்கிறது. நக்கீரருக்கும் அங்கே ஒரு சிலை உண்டு. பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 33 அடி உயரக் குதிரை ஒன்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மாசி மகத்தன்று அந்தக் குதிரைக்குக் காகிதப் பூமாலைகளாகக் கொண்டுவந்து சாத்துவார்களாம், குதிரையே தெரியாத அளவுக்கு.

ஆனால் இந்த ஊர்ப்பக்கத்தின் உயிர்நாடி தென்னைதான். பேராவூரணி, பட்டுக்கோட்டை வரைக்கும் தோப்பு தோப்பாகப் பார்த்துக்கொண்டே போகலாம். முன்பு இன்னும் அடர்த்தியாக இருந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் வந்த கஜா புயலுக்கு முன்னால் பார்த்தவர்களுக்கு இப்போதைய தோப்பைப் பார்த்தால் மனசு கேட்காது. உயரமான கிழட்டு மரம் ஒன்று, சுற்றிலும் தலைக்கு மேல் கொஞ்சமே வளர்ந்த இளம் மரங்கள் என்று பல தோப்புகள் இருக்கின்றன. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருந்து, நடுவில் பெற்றவர்கள் இல்லாத வீடு மாதிரி.

என் தங்கை வீட்டுக் கதை

சித்தி மகள் என்றாலும் எனக்குத் தங்கைதான். அவர்களுக்கு மூன்று ஏக்கர் தோப்பு. ஏக்கருக்கு எழுபது மரம் என்று இருநூறு மரத்துக்கு மேல் நின்றது. கஜா புயலில் ஒரே ராத்திரியில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது. அவள் அப்போது இரண்டாவது பிள்ளையை உண்டாகியிருந்தாள். "சத்தம் நின்னதும் வெளிய வந்து பாத்தோம்க்கா. எப்பவும் தோப்புதான் கண்ணுக்குத் தெரியும். அன்னிக்கு வானம் தெரிஞ்சுது" என்று சொன்னாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தி, 2019-ல் புதுக் கன்று வைத்தார்கள். தென்னங்கன்று வைத்தவுடன் காய்த்துவிடுமா? ரகத்தைப் பொறுத்து நாலு வருஷமும் ஆகலாம், ஏழு வருஷமும் ஆகலாம். அதுவரை ஊடுபயிராக உளுந்து, கடலை, கொஞ்சம் மல்லிகை என்று காலம் தள்ளினார்கள். இப்போதுதான் இளம் மரங்கள் பாளை விடத் தொடங்கியிருக்கின்றன.

இனிமேல் காயை வியாபாரிக்கு அப்படியே போடாமல், கொப்பரையாக்கி, சொந்தமாக மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கலாம் என்பது அவர்கள் யோசனை. நல்ல காயாக இருந்தால் ஏழெட்டுக் காயில் ஒரு கிலோ கொப்பரை. ஒரு கிலோ கொப்பரையில் அறுநூறு கிராமுக்கு மேல் எண்ணெய் இறங்கும். மிஞ்சும் பிண்ணாக்கு வீட்டு மாட்டுக்கு ஆகும். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களின் கொப்பரையையும் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கலாம். வருஷம் முழுவதும் கையில் காசு புழங்கும்.

செக்கு, மோட்டார், அதற்கு ஒரு கொட்டகை எல்லாம் சேர்த்து நாலரை லட்சம். போர் போட்ட கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதால் இன்னும் ஆழப்படுத்த ஒன்றரை லட்சம். ஆக ஆறு லட்சம் வேண்டும். வங்கியில் கேட்டார்கள். புயலுக்கு முன் வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது, ஜாமீன் வேண்டும் என்று அலைய விட்டார்கள். வெளியில் கேட்டால் மூன்று வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36 ரூபாய். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்குக் கையை நீட்டுகிறவர்கள் சட்டப் புத்தகத்தைப் பார்த்தா நீட்டுகிறார்கள்?

"அப்பத்தான் எங்க அயித்தை சொன்னாக, விருந்து போட்டுருவோம்னு" என்றாள் தங்கை.

ஏன் ஆடியில்?

ஆடியில் கல்யாணம், காதுகுத்து கிடையாது. மண்டபங்கள் காலியாக இருக்கும், சமையல்காரர்கள் சும்மா இருப்பார்கள். அதனால் மொய் விருந்துக்கு ஆடியும் ஆவணியும் தோதான மாதங்கள். மொய் எழுதுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். நாமும் கல்யாணத்துக்குப் போனால் கவரில் போட்டுக் கொடுக்கிறோம். ஆனால் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்ணோ, காது குத்தக் குழந்தையோ இல்லாதவன் வருஷக்கணக்காக ஊராருக்கு மொய் செய்துகொண்டே இருந்தால், அவனுக்கு அது எப்போது திரும்பி வரும்? அவனுக்காகத்தான் விசேஷம் எதுவும் இல்லாமலே, விருந்தையே விசேஷமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது என்று அங்கே உள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒருவர் விருந்து வைத்தால் மறுபடி ஐந்து வருஷம் கழித்துத்தான் வைக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் மற்றவர்கள் விருந்துக்குப் போய்த் திருப்பிச் செய்துகொண்டே வர வேண்டும்.

தனி ஒருவர் வைத்தால் செலவு தாங்காது என்று பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஒரே மண்டபத்தில் வைக்கிறார்கள். தங்கை வீட்டு அழைப்பிதழில் பதினெட்டுப் பேர் பெயர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரியே பிள்ளையார் படம் போட்டு, 'மொய் விருந்து விழா' என்று அச்சடித்திருந்தார்கள். பேராவூரணி நீலகண்டப் பிள்ளையாருக்கு முதல் பத்திரிகையை வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுக்க ஆரம்பித்தார்களாம்.

மண்டபத்தில்

காலை பத்து மணிக்கெல்லாம் மண்டபத்து வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பின்கட்டில் ராத்திரியே அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்த வாசனை தெருமுனை வரை வந்தது. சமையல், பரிமாறல் இரண்டும் ஆண்கள்தான். சோறு, கறிக்குழம்பு, ரசம், மோர். கறி சாப்பிடாதவர்களுக்குத் தனியாக ஒரு பந்தியில் சாம்பார், பொரியல். வந்தவர்களைச் சாப்பிட வைத்த பிறகுதான் பணத்தைப் பற்றிய பேச்சே. "எழுதியாச்சா?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. "சாப்புட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

கூடத்தில் பதினெட்டு மேசை போட்டிருந்தது. ஒவ்வொரு மேசைக்கு மேலும் விருந்து வைப்பவரின் பெயர், ஊர் எழுதிய அட்டை. மேசைக்கு மூன்று பேர். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுகிறார். ஒருவர் பெயர், ஊர், தொகை என்று உரக்கச் சொல்கிறார். ஒருவர் நோட்டில் எழுதுகிறார். பணம் பெரிய எவர்சில்வர் குண்டானுக்குள் போகிறது. இப்போது பல மண்டபங்களில் கம்ப்யூட்டரில் பதிந்து ரசீது கொடுக்கிறார்கள், போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. நோட்டு எண்ணும் இயந்திரமும் வந்துவிட்டது. 2019-ல் வடகாட்டில் ஒருவர் வைத்த விருந்தில் நாலு கோடி ரூபாய் சேர்ந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அது பெரிய இடம். பெரும்பாலானவர்கள் என் தங்கை வீட்டைப் போலச் சில லட்சங்களுக்காக வைப்பவர்கள்தான்.

கணக்கு எழுதும் முறை மிகவும் சுலபம். நான் உங்கள் விருந்தில் ஆயிரம் ரூபாய் எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் விருந்துக்கு நீங்கள் வரும்போது அந்த ஆயிரத்தைத் திருப்பித் தர வேண்டும். அதோடு ஐந்நூறு சேர்த்து ஆயிரத்து ஐந்நூறாக எழுதினால், ஆயிரம் பழைய கணக்குக்குப் போயிற்று. ஐந்நூறு 'புது நடை'. அதை நான் உங்களுக்குத் திருப்ப வேண்டும். இப்படியே சங்கிலி மாதிரி போகும். வெறும் ஆயிரத்தை மட்டும் கொடுத்தால் கணக்கு நேராகிவிட்டது, இத்தோடு போதும் என்று அர்த்தம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இத்தனைக்கும் பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வாங்கியவரின் கையெழுத்துகூடக் கிடையாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதை நம்பித்தான் லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது.

ஒரு பெயர் எழுதியது

எழுதும் மேசையில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் எழுதுவார்கள். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மாமியாரே உட்கார வைத்துவிட்டார். பழைய நோட்டுகள் அவள் மடியில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிற முகத்தைப் பார்த்தே "மேற்பனைக்காட்டு ஆளு. ரெண்டாயிரம் நிக்கும், பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டைப் புரட்டினால் இரண்டாயிரம்தான் இருக்கும்!

மத்தியானம் மூன்று மணி இருக்கும். முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, சின்னப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வெறும் நெற்றி. கர்ச்சீப்பில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து மேசையில் வைத்தாள். அவள் வீட்டுக்காரர் விருந்து வைத்தபோது இவர்கள் ஆயிரம் ரூபாய் எழுதியிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போய்விட்டார்.

தங்கையின் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, ஒன்னைய யாரு கேட்டா? புள்ளைய வச்சுக்கிட்டு நீயே செரமப்படுற. இது இருக்கட்டும், சாப்புட்டுப் போ."

அந்தப் பெண் பணத்தைத் திரும்ப எடுக்கவில்லை. "அவுக போய்ட்டாக, கணக்கு போயிருமா அயித்தை? எம்புள்ள இந்த ஊருலதான வளரணும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆயிரத்து இருநூறு இருக்கு. ஆயிரத்த அவுக பேருல கழிச்சுருங்க. இருநூற எம் பேருல எழுதுங்க. ரெண்டு வருசம் கழிச்சு நான் விருந்து போடணும். கறவை மாடு வாங்கணும்" என்றாள்.

என் தங்கை நோட்டைப் பார்த்தாள். அது வரைக்கும் எழுதியிருந்த பக்கங்களில் எல்லாம் ஆண்கள் பெயர்தான். பெண்கள் பணம் கொண்டுவந்து கொடுத்தாலும் வீட்டுக்காரர் பெயரில்தான் எழுதுவது வழக்கம். பழைய நோட்டில் அவர் பெயருக்கு நேரே கழித்துவிட்டு, புது நோட்டில் அந்தப் பெண்ணிடமே பெயரைக் கேட்டு, ஊரைப் போட்டு, 'புது நடை 200' என்று எழுதினாள். உரக்கச் சொல்பவர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, அவள் பெயரையே உரக்கச் சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு பந்திக்குப் போனாள்.

ஆடு வளர்த்து விற்ற காசு அது என்று பிறகு சொன்னார்கள்.

வந்த பணமும் வராத தூக்கமும்

அன்று ராத்திரி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, பணத்தை எண்ணிக் கட்டினார்கள். மொத்தம் 9,10,000 ரூபாய். இதில் 3,60,000 இவர்கள் முன்பு மற்றவர்களுக்குச் செய்து திரும்பி வந்தது. அதைச் சேமிப்பு என்றே சொல்லலாம். மிச்சம் 5,50,000 புது நடை. அதுதான் கடன். மண்டபம், சமையல் என்று இவர்கள் பங்குக்கு ஆன செலவு 80,000 போகக் கையில் நின்றது 8,30,000.

எல்லாரும் படுத்த பிறகும் தங்கைக்குத் தூக்கம் வரவில்லை. நானும் அவளும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "பணம் வந்துருச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டேன்.

"பணம் வாறது பயமில்லைக்கா. மறுபடி ஒரு புயல் வந்தா என்ன செய்யிறதுன்னுதான் இருக்கு" என்றாள்.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. 2014-ல், கல்யாணமான புதிதில், இதே மாதிரி ஒரு விருந்து வைத்துத்தான் பம்புசெட்டும் சொட்டு நீர்க் குழாயும் போட்டார்கள். பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்ற நிலையில் கஜா வந்தது. தோப்பு போய்விட்டது. ஆனால் 2019 ஆடியில் மற்றவர்கள் விருந்துப் பத்திரிகை வருவது நிற்கவில்லை. அவர்களும் புயலில் நொந்தவர்கள்தானே? அவர்களுக்கும் பணம் வேண்டும். அந்த ஆடியில் இவள் கழுத்துச் செயினை விற்றுத்தான் மொய் செய்தார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்து கூட்டமே கூடக் கூடாது என்று ஆனது. இவர்கள் முறை தள்ளிக்கொண்டே போய், இப்போதுதான் வாய்த்தது.

இதில் உள்ள ஆபத்தையும் சொல்லத்தான் வேண்டும். வட்டி இல்லை என்பதற்காக மொய்ப் பணத்தை லேசாக நினைத்தவர்கள் கஷ்டப்படுகிறார்கள். வந்த பணத்தில் நகை வாங்கி, வீட்டுக்கு மொசைக் போட்டுவிட்டு, ஆடி வந்தால் திருப்பிக் கொடுக்க மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்களும் அங்கே உண்டு. சில நாட்களில் ஒரே வீட்டுக்கு ஐந்தாறு விருந்து இருக்கும். போகாவிட்டால் யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். ஆனால் கோயிலில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த முகம்தான் இங்கே ஜாமீன்.

தங்கையின் கணக்கு

மறுநாள் காலையில் அவள் போட்ட கணக்கைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். அப்படியே தருகிறேன். கடன் வாங்கித் தொழில் செய்ய நினைக்கிற எந்த வீட்டுக்கும் இது உதவும்.

செக்குக்கும் கொட்டகைக்கும் 4,50,000. கிணற்றுக்கு 1,50,000. வெளியில் இருந்த கைமாற்றுக் கடன் ஒரு லட்சம் அன்றே அடைபட்டது. மிச்சம் 1,30,000. இதை என் கொழுந்தனார் டிராக்டருக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டார். "அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அது அப்படியே வங்கியில் போடப்பட்டிருக்கிறது. முதல் வருஷத்து மொய்யைத் திருப்ப, செக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கையில் பணம் இருக்கிறது. புயல் வந்தாலும் ஒரு ஆடியைத் தாண்டிவிடலாம்.

புது நடை 5,50,000-ஐ ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 1,10,000. மாதத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். இதே தொகையை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் வட்டி மட்டும் மாதம் 16,500 ஆகியிருக்கும், அசல் அப்படியே நிற்கும். எண்ணெய் விற்ற பணத்தில் மாதம் பத்தாயிரத்தை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில்தான் வீட்டுச் செலவு என்று முடிவு செய்திருக்கிறாள்.

இன்னொரு காரியமும் செய்தாள். புது நோட்டை ஊர்வாரியாகப் பிரித்துத் திருத்தமாக ஒரு படி எடுத்தாள். யார் யார் எந்த வருஷம் விருந்து வைக்கக்கூடும் என்று மாமியாரைக் கேட்டுப் பக்கத்தில் பென்சிலால் குறித்தாள். ஒரு நோட்டு பீரோவில். இன்னொரு நோட்டு என் சித்தி வீட்டில். "கஜாவுல எங்க பக்கத்து வீட்டுல ஓடு பறந்து, மொய் நோட்டு நனைஞ்சு போச்சுக்கா. யாருக்கு எவ்வளவுன்னு தெரியாம அவுக பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றாள்.

நமக்கு எதற்கு இது?

நம் ஊரில் மொய் விருந்து இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி இன்று ஊருக்கு ஊர் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதே அடிப்படையில்தானே நடக்கின்றன? பத்துப் பதினைந்து பேர் ஒருவரை ஒருவர் நம்பிப் போடுகிற பணம். சீட்டும் அப்படித்தான். நாலு பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிவிடுவது நமக்குப் புதிதல்ல. தூக்கிவிடப்பட்டவர் எப்படி நிற்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே நான் பார்த்துக்கொண்டு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

1. கூட்டுப் பணத்தைச் சம்பாதித்துத் தரும் பொருளில்தான் போட வேண்டும். மாடு பால் தரும், செக்கு எண்ணெய் தரும். மொசைக் தரை எதையும் தராது.

2. வாங்கிய அன்றைக்கே, திருப்பித் தருவதற்கான முதல் தவணையை அதிலிருந்தே ஒதுக்கிவிட வேண்டும்.

3. கணக்கு வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவது நல்லதல்ல. அவர் இல்லாத நாளில் கணக்கு நம்மிடம்தான் வரும். யாருக்குத் தர வேண்டும் என்பதோடு, யாரிடமிருந்து வர வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால்தான் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும்.

4. எழுதி வையுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள்.

5. கொடுக்கும்போதும் நம் சக்திக்கு மேல் கொடுக்க வேண்டாம். இருநூறு எழுதியவருக்கும் இருபதாயிரம் எழுதியவருக்கும் அந்த மண்டபத்தில் ஒரே கறிக்குழம்புதான் ஊற்றினார்கள்.

மார்கழியில் தங்கை போன் செய்தாள். ஐப்பசி மழைக்கு முன்பே கொட்டகை போட்டு, கார்த்திகையில் செக்கு ஓட ஆரம்பித்துவிட்டதாம். முதலில் ஆட்டிய எண்ணெயை அய்யனார் கோயில் விளக்குக்குக் கொடுத்துவிட்டு, அடுத்ததை விற்றிருக்கிறார்கள். வருகிற ஆடிக்கு எடுத்து வைக்க வேண்டியதில் மூன்று மாதப் பணம் சேர்ந்துவிட்டது என்று சொன்னாள். கறவை மாடு வாங்க நினைத்த அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். பிண்ணாக்கு விலை விசாரிக்க இப்போதே ஒரு முறை வந்து போனாளாம்.